செலோக்காரர்களின் துளைகள்

அந்த இசை மண்டபத்தின் மேடைப் பலகையில் இருநூற்றுப் பதினான்கு துளைகள் இருந்தன. அத்தனையையும் அடைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேர்லின். மண்டபத்தில் நிலையாக இருந்த இரண்டு இசைக்குழுக்களும் கோடை விடுமுறையில் போயிருந்தன. ஊரில் இருபத்தாறு ஆண்டுகள் கணிதம் படிப்பித்த நான் அங்கே கதிரை அடுக்கினேன், தரை துடைத்தேன். ஆறு மாதத் தவணை வேலை. அது முடிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தது. தேறினால் நிரந்தர வேலைக் கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதம் இல்லாமல், கொழும்பில் ஓர் அறையில் காத்திருந்த மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட முடியாது.

மேடையைத் துடைத்து வார்னிஷ் பூசச் சொன்னார் மேடைப் பொறுப்பாளர். துளையை அடைக்கச் சொல்லவில்லை. பழுது கண்டால் விடாத கை எனக்கு. மரத்தூளில் பசை குழைத்து மக்கு செய்து, பலகையின் நிறத்துக்கே நிறம் கலந்து அடைத்தேன். எங்கே துளை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

முதல் ஒத்திகை தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிடம் ஒரு செலோ வழுக்கியது. செலோ, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின்; அதன் அடியில் ஓர் இரும்பு முள் உண்டு. அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் ஊன்றி ஊன்றித் தமக்கென்று ஒரு துளை செய்து வைத்திருந்தார்கள். இரண்டு குழுவும் வேறு வேறு விதமாக அமர்வதால் துளைகளும் வேறு வேறு. மீதி, ஓய்வு பெற்றுப் போனவர்கள் விட்டுச் சென்றவை.

பொறுப்பாளர் என்னை மேடைக்கு அழைத்து, துளைகளை அடைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "இரண்டு குழுவிலும் செலோக்காரர் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் அதில் ஒருவர் முறையிட்டாலும் உமது கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

என்னுடன் வேலை செய்த மன்னார்ப் பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கணக்கு மாஸ்டர் எல்லோ. எந்தெந்த இடமெண்டு குறிச்சு வைச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. எத்தினை எண்டுதான் எழுதினனான்."

"விடையை எழுதிப்போட்டு வழியை எழுதாமல் விட்ட பொடியளுக்கு நீங்கள் எத்தினை புள்ளி போட்டனீங்கள்?"

"முட்டை."

"அப்ப இருந்து அழுங்கோ."

"அழ ஏலாது. இருபத்துமூண்டு நாள்தான் கிடக்கு."

மறுநாள் ஒத்திகைக்கு அரை மணி முன்னமே சுண்ணக்கட்டியும் துளையிடும் கைத் துறப்பணமுமாக மேடையில் முழந்தாளிட்டேன். என் ஜெர்மன் மொழி அப்போது நூறு சொல்லுக்கு மேல் இராது. "மன்னிக்கவும், உங்கள் இடம் எது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அவர் அமர்வார், வில்லை எடுப்பார், முள் போய் நிற்கும் புள்ளியில் நான் குறியிடுவேன். ஒருவர் மூன்று தரம் மாற்றினார். மூன்றையும் அழித்துக் குறித்தேன். முதல் குழுவில் பத்துப் பேர், நான்கு நாட்கள். இரண்டாவது குழுவில் எட்டுப் பேர். ஏழு முடிந்தது.

எட்டாமவர் முதல் வரிசையில் அமரும் நரைத்த பெண்மணி. துறப்பணத்தைக் கண்டதும் காலால் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அதை நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்தேன். நீர் கருவியால் துளைப்பது என்னுடையது ஆகாது."

அடுத்த ஒத்திகைக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் துறப்பணத்தை அறையில் வைத்துவிட்டு, ஓர் உளி மட்டும் கொண்டு போனேன். அவருடைய கதிரைக்கு முன்னால் ஒரு சாண் அகலத்துக்கு வார்னிஷை மெல்லச் சுரண்டினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. முழங்கால் மரத்துப் போனது. மரத்தின் பழைய ரேகைக்கு நடுவில், ரேகை ஓடாத ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. என் மக்கு. அதை நான் தோண்டவில்லை.

அவர் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அமர்ந்து, செலோவைத் தூக்கி, அந்த வட்டத்தில் முள்ளை ஓங்கி ஊன்றினார். மக்கு பொடிந்து உதிர்ந்தது. சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

கடிதத்தில் கதிரை, இசைத்தாள் தாங்கி, விளக்கு என்று என் கடமைகளை வரிசையாக எழுதிய பொறுப்பாளர், தரை என்ற சொல்லை மட்டும் பேனாவால் வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவிக்கான விண்ணப்பத்தோடு வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.