பிக்சர் டியூப்புக்குள் இருந்த இடம்

மேலகரத்து லிங்கேஸ்வரனைக் கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்ள முடியாது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். சீசனுக்கு முன்னால் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தக் காலத்து டிவிக்கு முதுகு பெருத்திருக்கும். உள்ளே பிக்சர் டியூப் என்று ஒரு கண்ணாடிக் குடுவை. அதிலிருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்திருப்பார்கள். காற்று நுழைந்துவிட்டால் படம் வராது. செத்த டியூப்பைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் வால்முனையைக் குறட்டால் நொறுக்கிக் காற்றை உள்ளே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்குகிறவன் கையிலேயே வெடிக்கும். அப்படி எத்தனையோ வாலை நொறுக்கிய கைதான் அவருடையது.

ஒரே மகள் மாரிச்செல்வி. காலேஜில் பிசிக்ஸ் படித்தாள். சாயங்காலமானால் கடைக்கு வந்து அப்பாவை வம்புக்கு இழுப்பாள். டியூப்புக்குள் ஒன்றுமே கிடையாது என்று அவர் சொன்னால் விடமாட்டாள்.

“காத்த எடுத்தா காலியாயிருமாப்பா? வெளிச்சம் உள்ள போயிட்டு வருதுல்லா? காந்தத்தக் கொண்டு போனா படம் கோணுதுல்லா? எல்லாத்தையும் தடுத்து, எம்புட்டுக் குளிர வச்சாலும் அந்த எடத்துல சின்னதா ஒரு நடுக்கம் கெடக்கும். அத எந்தப் பம்பு வச்சும் உறிஞ்ச முடியாது.”

“அப்போ ஒங்க காலேஜ் கணக்குல, ஒண்ணுமேயில்லாத எடம்னு ஒண்ணு கெடையாதாக்கும்?”

“இருக்கே. நான் வாரதுக்குள்ள நீங்க காலி பண்ணுத வடைத் தட்டு.”

பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் சிரித்தார்.

கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னால் அவளுக்கு டெங்கு வந்தது. அஞ்சே நாள். நாலு வருஷமாகிவிட்டது.

அவள் அறையில் ஒரு பதினாலு இஞ்சு டிவி இருந்தது. அவள் ஸ்கூலில் படிக்கும்போது அப்பா பழைய சாமான்களைச் சேர்த்து அவளுக்கென்று கட்டிக் கொடுத்தது. லிங்கேஸ்வரன் அதைப் போடுவதில்லை. தினமும் சாயங்காலம் டீ டம்ளரோடு போய் அதன் பக்கத்தில் தரையில் உட்காருவார், அவ்வளவுதான். கேட்டவர்களிடம் அவர் சொன்னது இது: மகள் மூச்சுவிட்ட காற்றைச் சாரல் எப்போதோ அடித்துக்கொண்டு போய்விட்டது. பாயில், தலையணையில், தாவணியில் இருந்த வாசமும் போய்விட்டது. டியூப்புக்குள் இருக்கிற இடம் மட்டும் மாறவில்லை. அவள் இருக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே, அவள் சொன்ன நடுக்கத்தோடு, யாரும் எதுவும் நுழையாமல் இருக்கிறது. இதைக் கேட்டுத்தான் கிறுக்கு என்றார்கள்.

அவர் பெண்டாட்டி உலகம்மாள் அப்படிச் சொல்லவில்லை. தினமும் டீயை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். ஆனால் போன புரட்டாசியில் திடீரென்று, டிவியைப் பழைய சாமான் எடுக்கிற நாசரிடம் போட்டுவிடலாம் என்று பிடித்துக்கொண்டாள். இடத்தை அடைக்கிறது என்றாள், கரப்பான் அடைகிறது என்றாள். லிங்கேஸ்வரன் காதிலேயே வாங்கவில்லை. ஒருநாள் அவளே நாசருக்குப் போன் போட்டுவிட்டாள்.

நாசர் லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். வழக்கப்படி வாலை நொறுக்கித் தந்தால்தான் ஏற்றுவேன் என்றான். இது நொறுக்குகிற டியூப் இல்லை, இன்றைக்குப் போட்டாலும் படம் வரும், திறந்து காட்டுகிறேன் பார் என்று லிங்கேஸ்வரன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உடனே உலகம்மாள், வேண்டாம், டிவி இங்கேயே இருக்கட்டும், நாசர் போகட்டும் என்றாள். அதற்குள் அவர் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டார்.

டியூப்பின் கழுத்துக்குள் ஒரு திட்டு உண்டு. நல்ல டியூப்பில் அது வெள்ளிபோல மின்னும். காற்று பட்டால் வெளுத்துவிடும். நாலு வருஷமாகத் திறக்காத மூடியைத் திறந்து பார்த்தால், அந்தத் திட்டு பாலாய் வெளுத்துக் கிடந்தது. வாலில் மயிரிழை போல ஒரு விரிசல்.

நாசர் எட்டிப் பார்த்தான். “இதுல ஏற்கெனவே காத்து ஏறிட்டு அண்ணாச்சி. நொறுக்க வேண்டாம்.”

லிங்கேஸ்வரன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஏற்றிக்கொள் என்று கையைக் காட்டினார். நாசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

உலகம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆனிச் சாரலில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்து அறை நனைந்துவிட்டது. அவர் அன்றைக்குச் செங்கோட்டைக்கு வேலையாகப் போயிருந்தார். துடைப்பதற்காக டிவியைத் தள்ளினாள், முதுகு சுவரில் இடித்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம், மூச்சை உள்ளுக்கு இழுக்கிற மாதிரி. டிவி மெக்கானிக் பெண்டாட்டிக்கு அது என்னவென்று தெரியாதா. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துப் பெட்டியைப் பழைய இடத்திலேயே நகர்த்தி வைத்தாள். அதற்கப்புறம் மூன்று மாசம், அவர் அதன் பக்கத்தில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே டீ கொடுத்தாள். அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை.

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா, உலகு.”

“சொன்னா, பொறவு நீங்க எங்கன போயி உக்காருவீங்க?”

அவர் மூடியைக் கீழே வைத்தார். வெளியே நாசர் கயிறு போட்டு இறுக்குகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் துடைப்பத்தை எடுத்துப் பெட்டி இருந்த இடத்திலிருந்த தூசியைக் கூட்டினாள். கூட்டிவிட்டு, அந்த இடத்திலேயே அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.