புகை பிடித்த போத்தல்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிளறிய நிலம் மாதிரித்தான் இருக்கும். சின்ன ரகரமா பெரிய றகரமா என்று சந்தேகம் வந்த இடங்களில் எல்லாம் கை போன போக்கில் விட்டிருக்கிறேன். பிழை பார்த்துத் தர வீட்டில் ஆள் இல்லை. மகளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று நினைத்து, அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துத்தான் பிழை, நடந்தது பிழையில்லை.

கிளாஸ்கோவில் விஸ்கி மட்டும் விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். பெட்டி இறக்குவது, தட்டுத் துடைப்பது, கிளாஸ் கழுவுவது என் பொறுப்பு. வியாழக்கிழமை பின்னேரங்களில் கடையின் பின் அறையில் விஸ்கிப் பிரியர்கள் கூடுவார்கள். நீள மேசை, ஆளுக்கு ஒரு வரிசை கிளாஸ், நடுவில் ஒரு வாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் வியாழக்கிழமை அந்த வாளி ஐஸ் போடுவதற்கு என்று நினைத்து, முட்ட முட்ட ஐஸ் நிரப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில், நல்ல கோட் போட்ட ஒரு மனிதர் விஸ்கியை வாயில் வைத்து, மாடு அசை போடுவது போலப் போட்டு, கண்ணை மூடித் திறந்து, அந்த ஐஸின் மேல் துப்பினார். அடுத்தவரும் துப்பினார். சாமான் பழுதாகிவிட்டது என்று பயந்து ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விழுங்கினால் கடைசிக் கிளாஸுக்கு வரும்போது நாக்கு வேலை செய்யாதாம். ருசி பார்க்க வந்தவர்கள் துப்பத்தான் வேண்டுமாம். இப்போது பழகிவிட்டது. ஆனாலும் வாளியைக் கொண்டுபோய் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ பாவம் செய்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் ஊர்ச் சாராயத் தவறணையில் யாரும் மணந்து பார்த்ததை நான் கண்டதில்லை. சாராயம் என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு, முகத்தைச் சுளித்து ஒரு செருமல், அவ்வளவுதான். இங்கேயோ ஒரு கிளாஸை அரை மணித்தியாலம் மணப்பார்கள். பச்சை அப்பிள் என்பார் ஒருவர். இல்லை, மழையில் நனைந்த கம்பளி என்பார் மற்றவர். தேவாலயத்தில் இருக்கிற மர வாங்கு, தார் பூசிய கயிறு, பூட்டி வைத்த அலுமாரி என்று ஒவ்வொருவரும் தங்கள் பிறந்த வீட்டையே கிளாஸுக்குள் தேடுவார்கள். பிறகு இரண்டு போத்தல்களைக் கையில் வைத்துக்கொண்டு எது என்று தெரியாமல் நிற்பார்கள். ஒருவர் கடை பூட்டும் வரை நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் போய், அடுத்த கிழமை வந்து அதே இரண்டையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

தீவுப் பக்கத்திலிருந்து வரும் சில விஸ்கிகளில் புகை மணம் இருக்கும். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காய வைத்த ஒரு கருமண்ணை எரித்து, அந்தப் புகையில்தான் பார்லியைக் காய வைப்பார்களாம். ஒரு நாள் கழுவ எடுத்த கிளாஸில் அந்த மணம் வந்தபோது தண்ணீர்க் குழாயைத் திறக்க மறந்து நின்றுவிட்டேன். என் மூக்கு எனக்கு முன்னால் எங்கள் ஊர் கோப்பாய்க்குப் போய்விட்டது.

ஐயா, அதுதான் எங்கள் அப்பா, நோயில் பாயில் விழுந்த வருடம் என் பள்ளிக்கூடம் நின்றது. என் தமையனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். அவர் ஐயாவின் புகையிலைத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்து, என்னையும் கூட வைத்துக்கொண்டார். வெட்டின புகையிலையைக் கயிற்றில் கோத்துக் குடிலுக்குள் தொங்கவிடுவோம். காற்றுப் புகாமல் தென்னோலைக் கிடுகால் அடைத்த குடில். கீழே தேங்காய்ப் பொச்சுமட்டையும், கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற பனங்கொட்டைக் கோதான ஊமலும் எரியும். எரியும் என்று சொல்வதும் பிழை. சுவாலை எழும்பக் கூடாது, புகை மட்டும்தான் வேண்டும். நெருப்புத் தலை தூக்கினால் தண்ணீர் தெளிப்பது என் வேலை. வெளியே பாத்தி கட்டிக்கொண்டிருக்கும் அண்ணை கிடுகுக்கு அப்பாலிருந்து, "தம்பி, நித்திரையோ?" என்பார். "இல்லை அண்ணை" என்பேன். எங்கள் சட்டை, பாய், சாப்பிடுகிற சோறு, எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தபோது குடில் இருந்த இடத்தில் ஒரு கரித்துண்டு கூட இல்லை. பிறகு நான் வெளிநாடு வந்தேன். அண்ணை அதே காணியில் வெங்காயம் நட்டார்.

அந்தக் கிளாஸை நான் மணந்துகொண்டு நின்றதை டேவிட் என்கிற வயதான வாடிக்கையாளர் கண்டுவிட்டார். "உனக்கு என்ன மணம் வருகிறது?" என்று மேசையில் இருந்தபடி கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குத் தமிழே வராது, ஆங்கிலம் எங்கே வரப்போகிறது. குடிலுக்கு என்ன சொல் என்று தெரியாமல், "ரொபாக்கோ ஹவுஸ்" என்றேன். "ஆ, பழைய சுருட்டுக் கடை!" என்றார் டேவிட். தன் தகப்பனார் கூட்டிக்கொண்டு போன கடையைப் பற்றிச் சொன்னார். சாய்ந்து இருக்கும் தோல் கதிரை, பளபளக்கும் மரத்தட்டு என்று பக்கத்தில் இருந்தவர் சேர்த்தார். மேசை முழுக்கத் தலையாட்டியது. எங்கள் குடிலுக்குள் அவர்கள் தோல் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நான் தாங்யூ சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. அந்தக் குடிலை அறிந்த மனிதர் என்னைத் தவிர உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அண்ணையும் நானும் தொலைபேசியில் மழையைப் பற்றிக் கதைப்போம், பிரஷருக்கு விழுங்கும் குளிசையைப் பற்றிக் கதைப்போம். பழைய நாட்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. அவருக்கு அது மறந்துபோயிருந்தால், அந்த வருடங்கள் என் தலைக்குள் மட்டும் நடந்தவை ஆகிவிடும். கேட்டால், "அதுக்கென்ன இப்ப" என்பார். மணத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும்தான் உண்மை தெரியும் என்று நினைத்தேன்.

லீவில் ஊருக்குப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன், அண்ணைக்குக் கொண்டுபோக ஒரு போத்தல் வேண்டும் என்று கேட்டேன். முதலாளியம்மா என்னை வாடிக்கையாளர் கதிரையில் இருக்கச் சொல்லி, புகை மணமுள்ள மூன்று விஸ்கிகளை ஊற்றி வைத்தார். ஒன்றில் புகையைவிடக் கடல் மணம் அதிகம். இன்னொன்றில் புகைக்கு முன்னால் இனிப்பு ஓடி வந்தது. நடுவில் இருந்ததில், பொச்சுமட்டை பிடித்து முடிந்து ஊமல் பற்றுகிற நேரத்து மணம் இருந்தது. திரும்பத் திரும்ப மணந்தேன். முன்னர் நான் மனதுக்குள் சிரித்த மனிதர்களைப் போலவே நானும் இரண்டு போத்தல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நடுவில் இருந்ததையே எடுத்தேன். துப்பவில்லை.

கோப்பாயிலும் விஸ்கிப் பிரியர்கள் இருக்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமைப் பின்னேரம் அண்ணை வீட்டுக் கிணற்றடி ஜம்பு மரத்தின் கீழ் மூன்று பேர் கூடுவார்கள். அண்ணை ஒருவர். பஸ் ஓடி ஓய்வு பெற்ற சின்னராசா அண்ணை ஒருவர். அவருடைய மகள் கனடாவில். மூன்றாமவர், எல்லோரும் மாஸ்ரர் என்று கூப்பிடும் பழைய ஆசிரியர், மகன் சுவிஸில். பிள்ளைகள் வரும்போது கொண்டுவரும் போத்தல்களைச் சிறுகச் சிறுக ஊற்றி ஒப்பிடுவார்கள். விஸ்கியின் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. கனடாப் போத்தல், சுவிஸ் போத்தல், அவ்வளவுதான். கணவாய்ப் பொரியலும் சோடாவும் பக்கத்தில் இருக்கும்.

"கனடா எண்டால் அடுத்த நாள் தலை இடிக்காது" என்றார் சின்னராசா அண்ணை. "சுவிஸ் இடிக்கும். போத்தல் மட்டும் வடிவு."

"உனக்கு இடிக்கிறது போத்தலாலை இல்லை, அளவாலை" என்றார் மாஸ்ரர்.

நான் என் போத்தலைத் திறந்து மூன்று பேருக்கும் ஊற்றினேன். எனக்கு ஊற்றவில்லை. எங்கள் வீடுகளில் தமையனுக்கு முன்னால் தம்பி குடிக்க மாட்டான். தம்பி குடிப்பான் என்று தமையனுக்குத் தெரியும், தெரியும் என்று தம்பிக்கும் தெரியும். ஆனாலும் கண்ணுக்கு முன்னால் இல்லை. அதனால் நான் கிணற்றுக்கட்டில் நின்று கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். கிளாஸ்கோவில் வேலைக்காரன் என்பதால் குடிப்பவர்களின் பக்கத்தில் நின்று கழுவுகிறேன், இங்கே தம்பி என்பதால் கழுவுகிறேன் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. ஆனால் காது முழுக்க மரத்தடியில்தான்.

சின்னராசா அண்ணை முதல் வாயிலேயே கிளாஸைக் கீழே வைத்தார். "உதென்ன கோதாரி மணம்? ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு."

மாஸ்ரர் மணந்தார். "புகை பிடிச்சிட்டுது. பால் அடிப்பிடிச்சால் இப்பிடித்தான். தம்பி, வாங்கேக்கை மணந்து பாத்தனியோ?"

"ஓம் மாஸ்ரர்."

"மணந்து பாத்துமோ வாங்கினனி?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெள்ளைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திப்போட்டான்" என்றார் சின்னராசா அண்ணை. புகை பிடித்த பாலை எங்கள் ஊரில் பூனைக்கு ஊற்றுவார்கள். அதையே அங்கே பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி விற்கிறார்கள் என்று எப்படி விளங்கப்படுத்துவது? நான் அண்ணையைத்தான் பார்த்தேன். அவர் கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு குடிக்காமலே கீழே வைத்தார்.

"மூடி வை தம்பி" என்றார். "மாட்டுப் புண்ணுக்கு உதவும். கனடாவை எடு."

நான் மூடி வைத்தேன். கனடாவை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தது ஒன்றும் என் காதில் விழவில்லை. அண்ணைக்கு அந்த மணம் தெரியவில்லை. அவ்வளவு தூரம் சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுபோன போத்தல், டேவிட்டின் தோல் கதிரையைவிட மோசமாகப் போய்விட்டது. அடுத்து வந்த நாட்களில் அண்ணையோடு வெங்காய விலை கதைத்தேன், பிரஷர் குளிசை கதைத்தேன். போத்தல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

கிளாஸ்கோவுக்கு வெளிக்கிடுகிற நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணை கூப்பிட்டார். தோட்டத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் வைத்த கொட்டில். உள்ளே உரச் சாக்குக்குப் பின்னால் கை விட்டு என் போத்தலை எடுத்தார். குடிக்க இரண்டு தகரப் பேணியும் கொண்டுவந்திருந்தார்.

"மாட்டுக்குப் போடேல்லையோ அண்ணை?"

"மாடு வித்து எத்தினை வருசம்" என்றார். "நீ உதைக் கூடக் கவனிக்கேல்லை."

நான் பேணிகளைச் சட்டை நுனியால் துடைத்து வைத்தேன்.

"உவங்களுக்குச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு கிளாஸ் அடிச்சு முடிச்சுப்போட்டு, கனடாதான் திறம் எண்டுவாங்கள். விசரங்கள்." மூடியைத் திறந்து மணந்தார். "ஊமல்" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் என்று இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"நீ உள்ளுக்கை இருந்து அழுவாய். நான் வெளியிலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் வேலை செய்வன். புகை கண்ணுக்கை போகுது, அதுதான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்ளுவன். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்திலைதான் உனக்குப் புகை போகும்."

நான் அழுதது எனக்கு ஞாபகமில்லை. நான் வைத்திருந்தது அவருடைய குரலைத்தான், நித்திரையோ தம்பி என்ற அந்தக் குரலை. அவர் எதற்காக அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரே குடிலில் இருந்து நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்திருக்கிறேன். அவர் வேறொன்றை வைத்துக்கொண்டு அதே காணியில் இருந்திருக்கிறார்.

"புகைதான் அண்ணை" என்றேன்.

அவர் இரண்டு பேணியிலும் ஊற்றினார். ஒன்றை என் கையில் தந்தார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"குடி."

"நீங்கள் இருக்கேக்கை எப்பிடி..."

"நான் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, கொட்டில் வாசலில் கிடந்த மரக்குற்றியில் தோட்டப் பக்கம் பார்த்துத் திரும்பி இருந்தார். வழக்கமாகத் தமையனைக் கண்டால் தம்பிதான் திரும்புவான். என் ஐம்பது வயதுக்குள் ஒரு தமையன் தம்பிக்காகத் திரும்பி இருந்ததை நான் கண்டதில்லை, கேட்டதும் இல்லை. நான் அதே குற்றியில் மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன். அவருடைய முதுகு என் முதுகில் முட்டியது. அவர் பக்கம் வெங்காயப் பாத்தி. என் பக்கம் வாசல் படலையும் தெருவுக்குப் போகும் ஒழுங்கையும். முதல் வாய் குடித்தேன். பின்னால் அவர் குடிக்கிறது முதுகு வழியாகத் தெரிந்தது.

"நல்லா எரியுது" என்றார்.

"ஓம் அண்ணை."

"கனடா இப்பிடி எரியாது."

"இல்லை அண்ணை."

கொழும்புக்குப் போக நான் பிடித்திருந்த வாடகை வான் வந்து படலையடியில் நின்று ஹோர்ன் அடித்தது. எனக்கு நேரே தெரிந்தது. சாரதி கையைக் கூடக் காட்டினான்.

"ஆரடா அது?" என்றார் அண்ணை, திரும்பாமலே.

"ஆரோ வழி கேக்கிறாங்கள் போலை" என்றேன்.

"வேறை ஆரையும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகக் கையை நீட்டிப் போத்தலைத் தந்தார்.

கிளாஸ்கோ
ஐப்பசி 19, ஞாயிற்றுக்கிழமை