கத்தரி அக்காவின் முன்பல்

கழுத்தில் நாடா கட்டிக் கத்தரிக்கோல் தொங்கும். ஆனாலும் தையல் முடிந்ததும் குனிந்து நூலைப் பல்லால்தான் கடிப்பாள். அதனாலேயே தெருவில் அவளுக்குக் ‘கத்தரி அக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தரும் சின்னக் கடை. ஒரு மெஷினில் அவள். பக்கத்து மெஷினில் அவள் தங்கை.

இருவரும் பேசிக்கொண்டு பல வருஷமாகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கடை. ஆனால் சேதி மட்டும் வாடிக்கையாளர் வழியாகத்தான் போகும். வெள்ளை நூல் இருக்கிறதா என்று அந்த அம்மாவைக் கேளுங்கள் என்பாள் ஒருத்தி. தீர்ந்துபோனதாகச் சொல்லுங்கள் என்பாள், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவள். புதிதாக வந்தவர்கள் திகைப்பார்கள். பழகியவர்கள், தபால்காரர் வேலைக்குச் சம்பளம் தரக்கூடாதா என்று கேலி செய்வார்கள்.

பெற்றவர்கள் போனபின் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள் அக்காதான். ஆசை காட்டிப் பழகிய ஒருவன் தங்கையை ஏமாற்றிவிட்டு ஓடினான். அந்தக் காயம் ஆறும் சமயத்தில், பஸ் மெக்கானிக் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தார். அக்கா எதையும் விசாரிக்கவில்லை. வாசலிலேயே நிற்கவைத்து, கேட்கக் கூசும் வார்த்தைகளால் சுட்டு அனுப்பினாள். அவர் திரும்பி வரவேயில்லை. அன்று மூடிய வாயைத் தங்கை அக்காவிடம் பிறகு திறக்கவில்லை.

இப்போது அக்காவின் வாயிலும் ஒரு வேதனை. பல் தேய்க்கும்போது கீழ் ஈறில் இரத்தம் வந்தது. ஆறட்டும் என்று அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டாள். ஆறவில்லை, ஈறு வீங்கி, முன்பல் ஆடத் தொடங்கியது. சொல்லி அழ ஆளில்லை. இருந்த ஒரே ஆள் பக்கத்து மெஷினில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். இன்று விழுமோ, நாளை விழுமோ என்றிருக்கும்.

எதிர்ச்சாரியில் இருக்கும் இளம் பல் டாக்டர், தன் வெள்ளைக் கோட்டின் கையைக் குறைக்கக் கொடுத்திருந்தாள். வாங்க வந்தவள் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். நூல் முடிந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

ஊசி குத்திவிட்டது என்றாள் அக்கா. டாக்டர் கோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு குத்தும் இல்லை.

“வாயைத் திறங்கக்கா.”

ஜன்னல் வெளிச்சத்தில் போன் விளக்கை அடித்துப் பார்த்தவளின் முகம் வாடியது. பக்கத்து மெஷின் ஓசை நின்றது.

“பூச்சி அரிச்சிடுச்சாம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“பூச்சியெல்லாம் இல்லக்கா. பல்லோரம் அழுக்கு படிஞ்சு கிருமி சேர்ந்திருக்கு. அதைக் கொல்ல இரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்கள் வரும். நம்ம காவல்காரங்க. வர்றது நல்லதுதான். ஆனா நீங்க அழுக்கை எடுக்காம விட்டதால கிருமியும் போகல, அதுங்களும் போகல. சண்டை போட்டுப் போட்டு, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைய வச்சிடுச்சு.”

“காக்க வந்ததா இடிக்குது?”

“ஆமாக்கா. கிருமி பாதின்னா, காவல் பாதி.”

அக்கா மடியிலிருந்த கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். வாசலில் தலைகுனிந்து நின்ற மெக்கானிக்கின் முகம், எண்ணெய்க் கறை போகாத அவர் கைகள், எல்லாம் கண்முன் வந்து நின்றன. கரைந்தது திரும்ப வருமா என்று கேட்டாள்.

“வராது. ஆழமா சுத்தம் பண்ணிட்டா காவல் அடங்கும். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆனா இனிமே நூலைக் கடிக்கவே கூடாது. கடிச்சீங்கன்னா இந்தப் பல் நிக்காது.”

அக்காவின் கண்கள் நிறைந்து வழிந்தன. பல்லுக்காக அழுகிறாள் என்று டாக்டர் நினைத்துத் தேற்றினாள். பக்கத்தில் இருந்தவள் அப்படி நினைக்கவில்லை.

“அந்த அம்மாகிட்ட சொல்லுங்க டாக்டர்,” என்றாள் அக்கா. “அன்னைக்கு நான் விசாரிச்சிருக்கணும்.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் திரும்பி, அப்படியே சொன்னாள். தங்கை காலால் மிதியை அழுத்தினாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

இரண்டு தடவை போய் ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டாள் அக்கா. வலியோடு தேய்த்தாள், இரத்தம் குறைந்தது. ஆட்டம் மட்டும் முழுக்க நிற்கவில்லை. ஆயுசுப் பழக்கமும் லேசில் விடவில்லை.

ஒரு மத்தியானம், அலுப்பில் கண் சொருக, ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்து முடித்தாள். தன்னை அறியாமல் குனிந்தாள். நூல் உதட்டைத் தொட்டது.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அக்காவின் கழுத்தில் தொங்கிய கத்தரியை எடுத்து நூலை நறுக்கியது.

“வாயை எடுக்கா,” என்றாள் தங்கை.

கடையில் வாடிக்கையாளர் யாருமே இல்லை.