கண்ணை மூடிக்கொண்டு திட்டியவள்

எங்கள் வீட்டில் மாலை ஜெபம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நான் மகளைத் திட்டுவது என்று அர்த்தம். "ஆண்டவரே, செல்போனே கதியென்று கிடக்கும் இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று உருகுவேன். பத்தாவது படிக்கும் ஜெனி "ஆமென்" என்று முனகிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அன்று பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் முடித்ததும், வழக்கத்துக்கு மாறாக அவளும் ஜெபித்தாள்.

"இயேசப்பா, அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் பேசுறாங்க. என்கிட்டயும் கொஞ்சம் பேசச் சொல்லுங்க. ஸ்கூல்லயும் எனக்கு யாரும் இல்ல."

ஜெபத்தின் நடுவே நான் கண் திறந்தது அதுதான் முதல் தடவை. மூடிய கண்களிலிருந்து அவளுக்கு நீர் வழிந்துகொண்டிருந்தது. பதிலுக்காக இத்தனை நாள் வானத்தைப் பார்த்த நான், அது பாயில் என் எதிரே முழங்காலிட்டிருப்பதைக் கண்டு அசந்துபோனேன்.

"சொல்லும்மா" என்றேன். சொன்னாள்.

அந்த ஜெபத்துக்கு நாங்கள் இன்னும் ஆமென் சொல்லவில்லை.