கோவிந்தனின் ஒட்டு மருந்து

கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் கோவிந்தன். எழுபத்தொரு வயதிலும் வீடிருக்கும் மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பிலிருந்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருவார். போன வருடம் வந்த இடுப்பு வலி அந்த நடையை நிறுத்திவிட்டது. பெங்களூரில் சோதித்துவிட்டு, ப்ராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் எலும்புவரை பரவியிருக்கிறது என்றார்கள். அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும், நாலைத் தாண்டக் கூடாத பி.எஸ்.ஏ. அளவு ரத்தத்தில் நூற்று எண்பத்தாறு இருந்தது.

அங்கிருந்த டாக்டர் மமதா மறைக்காமல் சொன்னார். "ஆம்பளை ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அதை அடக்க வழக்கமா ஊசி போடுவோம். உங்க எலும்பு ஏற்கெனவே தேஞ்சிருக்கு, ஊசி இன்னும் தேய்ச்சிடும். அதுக்குப் பதிலா ஈஸ்ட்ரோஜன் பேட்ச் ஒட்டிப் பார்க்கலாம்."

"அது பொம்பளைங்க ஹார்மோனாச்சே மேடம்?" என்றாள் மனைவி பாப்பம்மா.

"ஆமாம்மா. அந்தக் காலத்துல மாத்திரையா குடுத்தாங்க, ரத்தம் உறைஞ்சு பலருக்கு ஆபத்தாச்சு. தோல் வழியா போனா அது கம்மி. மார்பு கொஞ்சம் வீங்கும்."

"வீங்கட்டும், ஒட்டுங்க" என்றார் கோவிந்தன்.

வாரம் இரண்டு முறை, குளித்து ஈரம் துடைத்ததும் பாப்பம்மா அவர் வயிற்றில் பழைய பேட்ச் நான்கையும் உரித்துப் புதியவற்றை ஒட்டினாள். இரண்டாம் மாதம் வலி குறைந்தது. தெருமுனைவரை போய் வந்தார். மூன்றாம் மாதம் ரத்தம் கொடுத்தார். முடிவு போனில் வந்தபோது அதைத் திறக்காமல் நீட்டினார். பாப்பம்மாதான் வாங்கிப் படித்தாள்.

"ரெண்டு புள்ளி நாலு."

"நூத்தி ரெண்டா?"

"வெறும் ரெண்டுங்க."

கோவிந்தன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். "இன்னாங்க, எங்க போறீங்க?" என்று பாப்பம்மா பின்னால் ஓடினாள். மார்க்கெட் வந்துதான் நின்றார். நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது என்று டாக்டர் போனில் சொன்னதையும் அங்கேயே நின்று, சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பென்ஷன்காரர்கள் கேரம் ஆடும் அறைக்குப் போனார். பழைய ஷிஃப்ட் கூட்டாளி துரை, அவர் சட்டையின் இறுக்கத்தைப் பார்த்து, "இன்னா கோவிந்தா, மாரு வளந்துகினு போவுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கோவிந்தன் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஒட்டியிருந்த நான்கு பேட்ச்சையும் காட்டினார். "கேன்சர்டா. இதுல இருக்கறது பொம்பளைங்க ஹார்மோன். இதான் என்னை நடக்க வெச்சிருக்கு." ஒன்று விடாமல் சொன்னார். ஒருவரும் காயைத் தொடவில்லை.

அவர் கிளம்பியதும் துரை பின்னாலேயே வந்தார். "எனக்கு ஒண்ணுக்கு சரியா வரவே மாட்டேங்குது, முக்கி முக்கிப் போறேன். ஒரு வருசமாச்சு. வூட்ல சொல்லல."

"கிளம்பு. நாளைக்கு பெங்களூர் ரயில்."

துரைக்கும் அதே நோய்தான். ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு கொடுத்தால் முழுக்கச் சரியாக வாய்ப்பிருக்கிறது என்றார் மமதா. துரை மருத்துவமனை வராந்தாவிலேயே மனைவிக்குப் போன் போட்டு, கேன்சர் என்றதோடு இழுத்தார். கோவிந்தன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, நான் கோவிந்தன். உள்ளயே இருக்குதாம், எங்கயும் போகல. கரண்ட் வெச்சா சரியாயிடுமாம், கேக்குதா?"

அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.