திராட்சைக்கு அடியில்

ஹாம்பர்க்கில் எங்கள் தெருமுனைக் கடையின் கல்லாவில் இருக்கும் அம்மாளுக்கு நான் ஒரு திராட்சைப் பைத்தியம். மாதம் ஒரு முறை நாப்கின் பாக்கெட்டைக் கூடையில் போட்டு, அதன்மேல் திராட்சையைப் பரப்பிக்கொண்டு போய் நிற்பேன். இங்கே ஆண்கள்கூட நாப்கினை ரொட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எனக்குத்தான் கை வரவில்லை. போன வாரம் அந்த அம்மாள், "இன்றைக்குத் திராட்சை ஒரே புளிப்பு, வேண்டாம்" என்றார் அக்கறையாக. "பரவாயில்லை, அவசியம் வேண்டும்" என்றேன். மசக்கை என்று முடிவுகட்டி வாழ்த்தினார். பிறகு திராட்சையைத் தூக்கினார். அடியில் இருந்ததைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

இந்தப் பழக்கம் எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் தொற்றியது. மகளிர் குழுக்கள் ஊறுகாயிலிருந்து நாப்கினுக்கு மாறிய சமயம் அது. திராட்சைத் தோட்டத்துக் கூலிப் பெண்களுக்குக் கடை நாப்கின் கட்டுப்படியாகாது. குழுவில் தைத்தது கட்டுப்படியானது, ஆனால் கேட்டு வாங்க வெட்கம். அதனால் குழுத் தலைவி பாண்டியம்மா மதினி அவற்றைத் திராட்சைப் பெட்டியில் வைத்து, மேலே இரண்டு கொத்து பரப்பி வீடு வீடாக அனுப்புவார். பழந்துணியை நம்ப முடியாமல் அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கே போகாதவள் நான். பிளஸ் டூ கணக்குப் பரீட்சையும் சரியாக அந்த நாளில் வந்து நின்றது.

முந்தின நாள், எனக்கு வர வேண்டிய பெட்டியைத் திராட்சை என்று நினைத்துக் குமுளி போகும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். மதினி டீக்கடை முன்னால் வண்டியை மறித்தார்.

"ஏலே, நிப்பாட்டு! அது திராட்சையில்ல, பஞ்சு! எங்க பிள்ள நாளைக்குப் பரீட்சை எழுதணும்!"

"என்ன பஞ்சு?" என்றார் டிரைவர். டீக்கடை முழுக்கக் கேட்கும்படி மதினி விளக்கினார். யாருக்கு என்று என் பெயரையும் சேர்த்தே சொன்னார். சுவருக்குப் பின்னால் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது.

டிரைவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். வண்டியில் ஏறாமல் நின்றார்.

"அக்கா, எம் மகளும் மூணு நாளாப் பள்ளிக்கூடம் போகல. கேட்டா தாயும் மகளும் வாயத் தொறக்க மாட்டேங்குறாக. எங்க வீட்டுக்கும் ஒண்ணு குடுங்க."

மறுநாள் மூன்று மணி நேரமும் பயமில்லாமல் உட்கார்ந்து எழுதினேன். குறைந்த மார்க்குக்கு அந்த முறை நானே முழுப் பொறுப்பு. அதன்பின் ஊரில் பெட்டி தேவைப்படவில்லை; பெண்கள் மதினி வீட்டு வாசலிலேயே கேட்டு வாங்கினார்கள். நான்தான் பெட்டியோடு விமானம் ஏறிவிட்டேன்.

"பை வேண்டுமா?" என்றார் கல்லா அம்மாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலது கையில் பாக்கெட்டை வெளியே தெரியத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையில், விட்டுவர மனசில்லாத புளித்த திராட்சை.