இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய மலை

1991-ஆம் வருடப் பொங்கல் சமயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் லாரிகளுக்கு பிரேக் டிரம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் லேத் ஆபரேட்டராக இருந்தேன். சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு கிடைத்தது. எங்கள் ஷிப்டில் இருந்த எட்டு பேர், நான்கு மோட்டார் சைக்கிள்களில் ஏலகிரி மலைக்குக் கிளம்பினோம்.

எங்களில் ஒருத்தருக்கும் மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. எங்கள் பக்கம் மேடு என்றால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைதான். வேலை முடிந்து வரும்போது அந்தச் சரிவில் இன்ஜினை அணைத்துவிடுவோம். யார் வண்டி சொட்டு பெட்ரோல் செலவில்லாமல் அதிக தூரம் உருண்டு போகிறது என்று பந்தயம். தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். நான் ஒரு தடவைகூட டீ வாங்கித் தந்ததில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்ச நஞ்சமில்லை.

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் பக்கத்து லேத்தில் வேலை செய்யும் நண்பன். தை கடைசியில் அவனுக்குக் கல்யாணம். அப்பா, அம்மா இல்லாத அவனை வளர்த்தது அவன் அக்காதான். மண்ணூரில் அவர்கள் வீட்டுக்குப் போய் அவனை ஏற்றிக்கொண்டபோது அக்கா வாசல் வரைக்கும் வந்து, "தம்பி, பத்திரிகை எல்லாம் குடுத்துக்கினு கீறோம். உன்னை நம்பித்தான் அனுப்புறேன், பாத்து கூட்டிகினு வா" என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி, கீழே எட்டிப் பார்த்து, கத்திக் கூச்சல் போட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம். வாழ்க்கையில் முதன்முதலாக மேகத்துக்குள் நின்ற சந்தோஷம் எங்களுக்கு. ஒரு நாள் முழுக்க ஆட்டம் பாட்டம்தான்.

வினை மறுநாள் காலையில் இறங்கும்போது வந்தது. ஏரிக்கரைப் பந்தயத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

"வேணாம் மச்சி, இன்னா இது வெள்ளாட்டு? நம்ம ஏரிக்கரையா இது?" என்றான் பின்னால் இருந்தவன்.

"மாப்ளைக்கு இப்பவே பயம் வந்துட்சிடா" என்று நான் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

முதல் நாலைந்து வளைவுகள் சொர்க்கம். இன்ஜின் சத்தம் கிடையாது. காற்றும் குருவிச் சத்தமும் மட்டும்தான். மற்ற மூன்று வண்டிகளையும் பின்னால் விட்டுவிட்டேன். அப்புறம் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. பிரேக்கை மிதித்தேன், கால் அடிவரைக்கும் போயிற்று. கை பிரேக்கைப் பிடித்தேன், அதுவும் அப்படியே. தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்ததில் இரண்டும் சூடேறி வழுக்கிவிட்டன. கியரைப் போடலாம் என்றால் பதற்றத்தில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "பிரேக் புடிக்கலடா" என்றேன். அவன் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த நிமிஷம் எனக்கு என் உயிர் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் அக்கா முகம்தான் வந்தது.

எதிரே வளைவில் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வளைவை எடுக்க பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். எங்களுக்கு வழியே கிடையாது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அந்த டிரைவர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. வளைவை எடுக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்து, பஸ்ஸைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். மலையோரமாக ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. அதில் நுழைந்து, மழையில் சரிந்து கிடந்த மண்மேட்டில் மோதி விழுந்தோம். என் மணிக்கட்டு பிசகிவிட்டது. அவனுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம். அவ்வளவுதான். இருவரும் உயிரோடு இருந்தோம்.

எழுந்து பார்த்தேன். பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவராகத்தான் இருப்பார். எங்களைத் தூக்கி உட்கார வைத்தார், கை காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"அறிவு கீதாய்யா உனக்கு? நாப்பது பேரை வெச்சிகினு வரேன்!"

பின்னால் மற்ற வண்டியில் வந்து சேர்ந்த எங்கள் ஆள் ஒருத்தனிடமிருந்து தண்ணீர் கேனைப் பிடுங்கி, புகைந்துகொண்டிருந்த சக்கரத்தில் ஊற்றப் போனேன். டிரைவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூட்டுல ஊத்தினா டிரம் விரிசல் வுட்ரும். தானா ஆறட்டும். அப்பால இன்ஜினைப் போட்டு மொத கியர்ல எறங்கு."

தினம் தினம் டிரம் கடைகிறவன் நான். இரும்பின் குணம் எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் ஒருத்தர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பஸ்ஸில் இருந்த ஒரு அம்மா, பொங்கலுக்கு எடுத்த புதுத் துண்டைக் கிழித்து நண்பனின் காலில் கட்டினார். அந்த இருவர் பெயரையும் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நான் மரம் மாதிரி நின்றேன். டிரைவர் பஸ்ஸைப் பொறுமையாகப் பின்னால் எடுத்து, வளைவைத் திருப்பி மேலே போய்விட்டார்.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்று நண்பன் சத்தியம் வாங்கினான். மணலில் வழுக்கி விழுந்ததாக அவனே ஒரு கதையும் சொல்லி வைத்திருந்தான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நேராக மண்ணூருக்குப் போய், பந்தயம் முதல் ஒன்று விடாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு, "மொதல்ல உன் கையைக் காட்டு" என்றார். எண்ணெய் காய்ச்சி என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டு, அதன் பிறகு திட்டினார் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. கொஞ்சம் நொண்டியபடியே மாப்பிள்ளை அக்கினியைச் சுற்றி வந்தான். இன்றைக்கு அவன் பேரன் எடுத்துவிட்டான்.

எங்கள் பக்கம் இப்போது கார் கம்பெனிகள் வந்து, ஷிப்ட் முடிகிற நேரத்தில் ரோட்டைக் கடக்க முடியவில்லை. இளவட்டங்கள் தலைதெறிக்கக் குறுக்கே பாய்கிறார்கள். எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது, நன்றாகத் திட்டவும் செய்கிறேன். ஆனால் வண்டியை ஓரங்கட்டி அவர்களுக்கு வழி விட்ட பிறகுதான் திட்டுகிறேன். அன்றைக்கு அந்த டிரைவர் முதலில் திட்டிவிட்டு அப்புறம் ஒதுங்கலாம் என்று நினைத்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.